ஒன்றுக்கு இரண்டு

ஸ்பெயினில் முஸ்லிம்கள் ஆண்ட பகுதி ஆண்டலூஸ் என்று பெயர் பெற்றிருந்த 13-ஆம் நூற்றாண்டில் அரபு மொழியில் தொகுக்கப்பெற்று, தொகுத்தவர் பெயர் மட்டும் மறைந்துபோன ஒரு சமையற் கிரந்தத்தில், சிக்கஞ்சபீன் என்னும் பானத்துக்குரிய முறை சில வரிகளிலேயே முடிந்துவிடுகிறது. கடும் புளிப்புள்ள காடி, அதாவது வினிகர், ஒரு ராத்தல், சர்க்கரை இரண்டு ராத்தல், இரண்டையும் சேர்த்துப் பாகாகும்வரை காய்ச்ச வேண்டும். அப்பாகில் ஒரு ஊக்கியா எடுத்து, மூன்று ஊக்கியா வெந்நீரில் கலந்து வெறும் வயிற்றில் பருக வேண்டும். தேனில் செய்வதானால் தேன் ஒரு ராத்தலுக்குக் காடி ஆறு ஊக்கியா. ராத்தலுக்கு 12 ஊக்கியா என்பது அக்காலத்து நிறுத்தலளவையாதலால், இங்கும் அதே ஒன்றுக்கு இரண்டு என்ற பிரமாணமே வருகிறது.

மத்திய காலத்துச் சமையலை இன்று தம் வீட்டு அடுப்பில் மீண்டும் செய்து பார்ப்பதை வினோதமாகக் கொண்டோர் மேல்நாடுகளில் பலர். 1966-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் தோன்றிய ‘சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரானிசம்’ என்ற சங்கத்தாருக்கு இதில் தனிப் பிரியம். இரண்டாம் ரிச்சர்டு மன்னரின் சமையற்காரர்கள் 1390-ஐ ஒட்டித் தொகுத்த ‘தி ஃபார்ம் ஆஃப் கியூரி’ போன்ற ஆங்கில நூல்கள் பெரும்பாலும் அளவே சொல்லாதவை. அங்கே ஊகம்தான் சமையல். அளவு சொல்லும் அரபு நூலிலோ, அந்த அளவு ஏன் பொருந்துகிறது என்று கேட்டுப் பார்க்க இடமிருக்கிறது.

கேட்டுப் பார்ப்போம். கடையில் கிடைக்கும் காடியில் நூற்றுக்கு ஏறக்குறைய 5 பங்கு அசெட்டிக் அமிலம், மீதி பெரும்பாலும் ஜலம். 100 கிராம் காடியில் 200 கிராம் சர்க்கரையைச் சேர்த்தால், மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரையாகிறது. 20 டிகிரி செல்ஷியஸ் உஷ்ணத்தில் 100 கிராம் ஜலம் கரைத்துக்கொள்ளக்கூடிய சர்க்கரையும் சுமார் 200 கிராமே. தராசும் நாக்கும் தவிர வேறு கருவியில்லாத ஒருவர், கரைதிறனின் எல்லையிலேயே கொண்டுபோய்ப் பாகை நிறுத்தியிருக்கிறார்! அத்தனை சர்க்கரை ஜலத்தைப் பற்றிக்கொள்வதால், அதில் விழும் கிருமி நீரைப் பெறுவதற்குப் பதிலாகத் தன் உடலிலுள்ள நீரையும் இழக்கிறது. சர்க்கரைச் செறிவைத் தாங்கும் சில ஈஸ்டுகளையும் பூஞ்சைகளையும் தடுக்கக் காடி துணைக்கு வருகிறது. கடும் புளிப்பில் அசெட்டிக் அமில மூலக்கூறுகள் பிரியாமல் முழுமையாக நிற்கும். அந்நிலையில் அவை உயிரணுவின் சவ்வை எளிதில் ஊடுருவி, உள்ளே சென்றபின் பிரிந்து, அங்கும் புளிப்பேற்றி அதன் இயக்கத்தைக் குலைக்கின்றன. குளிர்ப்பெட்டி இல்லாத காலத்தில் இப்பாகு கெடாமல் நின்றதற்கு இவ்விரண்டும் காரணம்.

ஆனால் ஒரு சந்தேகம் எழ வேண்டும். எல்லையில் நிற்கும் பாகைக் காய்ச்சினால் ஜலம் ஆவியாகி, எஞ்சிய சர்க்கரை ஆறியதும் கற்கண்டாக உறைய வேண்டுமல்லவா? பெரும்பாலும் உறைவதில்லை. அமிலமும் உஷ்ணமும் சேர்ந்து, சர்க்கரையில் ஒரு பகுதியைக் குளுகோஸ், ஃபிரக்டோஸ் என்னும் இரு எளிய சர்க்கரைகளாகப் பிளந்துவிடுகின்றன. இவை கலந்த பாகில் படிகம் கூடுவது கடினம். 1850-இல் லுட்விக் வில்ஹெல்மி என்ற ஜெர்மானியர், அமிலத்தில் சர்க்கரை இவ்வாறு பிளவுபடும் வேகத்தை ஒளியின் துருவத் திருப்பத்தைக் கொண்டு அளந்தார். ரசாயன மாற்றங்களின் வேகத்தை ஆராயும் சாஸ்திரம் அந்த அளவீட்டிலிருந்தே தொடங்குவதாகக் கொள்வது வழக்கம்.

செய்து பார்க்க விரும்புவோர் ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களை அறவே விலக்க வேண்டும். காடி பட்டுக் களிம்பேறினால் அது விஷம். எவர்சில்வர் போதும். காய்ச்சும்போது அமிலமும் ஆவியோடு எழுவதால் நெடி கண்ணைக் கரிக்கும், ஜன்னல் திறந்திருக்கட்டும். இக்காலத்தார் விரும்பிச் சேர்க்கும் புதினாவை அடுப்பை அணைத்த பின்பே இட வேண்டும், இல்லையேல் அதன் வாசனைத் தைலம் நீராவியோடு போய்விடும். ஜ்வரத்துக்கும் காமாலைக்கும் இது நல்லதென்று பழைய நூல் கூறுவதை அக்கால வைத்தியக் கொள்கையோடு விட்டுவிடலாம்; தாகத்தைத் தணிக்கும் என்பதை மட்டும் தயக்கமின்றி ஒப்புக்கொள்கிறேன்.

ஈரானில் இப்பானம் இன்றும் வழக்கொழியவில்லை. நவ்ரூஸ் புத்தாண்டின் 13-ஆம் நாளில் ஜனங்கள் வெளியிடங்களில் கூடி, நீர் கலவாத பாகில் லெட்யூஸ் இலைகளைத் தோய்த்து உண்கிறார்கள். வெந்நீரில் கலந்து குடிப்பதைவிட இதுவே ரசமான முறை என்பது என் அபிப்பிராயம்.