சால்மன் மீனில் யாருக்கு எவ்வளவு? அமெரிக்காவின் ‘சரிபாதி’ விதியும் தொடரும் சர்ச்சையும்

அமெரிக்காவின் வடமேற்கில் உள்ள வாஷிங்டன் மாநிலத்தில் (தலைநகர் வாஷிங்டன் வேறு) சால்மன் மீன்களைப் பழங்குடியினரும் மற்றவர்களும் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற விதி அரை நூற்றாண்டாக நடைமுறையில் உள்ளது. ஆண்டுதோறும் மாநில அரசும் பழங்குடிகளும் பேசி மீன்பிடிப் பருவத்தை நிர்ணயிக்கின்றனர்.

இதன் வேர் 1854, 1855ஆம் ஆண்டு ஒப்பந்தங்களில் உள்ளது. அப்போது நிலங்களை விட்டுக்கொடுத்த பழங்குடியினர், தாங்கள் வழக்கமாக மீன்பிடிக்கும் இடங்களில் ‘அனைத்துக் குடிமக்களோடும் பொதுவில்’ மீன்பிடிக்கும் உரிமையைத் தக்கவைத்துக்கொண்டனர். பின்னாளில் மாநில அரசு, ‘பொதுவில்’ என்றால் எல்லோருக்கும் ஒரே விதி என்று பொருள் கொண்டு, ஆறுகளில் வலை வீசிய பழங்குடியினரைக் கைது செய்தது. நிஸ்குவாலி இனத்தைச் சேர்ந்த பில்லி ஃபிராங்க் ஜூனியர் 1945இல் முதன்முறையாகக் கைதானபோது அவருக்கு வயது 14. அதன்பின் 50 முறைக்கும் மேல் கைதானார்.

1974 பிப்ரவரி 12 அன்று கூட்டாட்சி மாவட்ட நீதிபதி ஜார்ஜ் போல்ட், அந்தச் சொல்லுக்குச் சம பங்கு என்றே பொருள் எனத் தீர்ப்பளித்தார். கடும் எதிர்ப்பு எழுந்தபோதும், 1979இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பைப் பெருமளவு உறுதி செய்தது. பாதி என்பது பழங்குடியினருக்கான உச்சவரம்பு என்றும் அது விளக்கியது.

எதில் பாதி என்பதே முக்கியம். ஓர் ஆற்றுக்கு 10,000 மீன்கள் திரும்புவதாகவும், இனப்பெருக்கத்துக்கு 6,000 தேவை என்றும் வைத்துக்கொள்வோம். எஞ்சிய 4,000 மட்டுமே பங்கிடப்படும்; தரப்புக்கு 2,000. பழங்குடியினர் அல்லாதோரின் 2,000ஐ வணிகப் படகுகளும் பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடுவோரும் பிரித்துக்கொள்ள வேண்டும். தூண்டில்காரர்களின் மனக்குறை இங்குதான் பிறக்கிறது. குஞ்சு பொரிப்பகங்களில் வளர்த்து விடப்படும் மீன்களைப் பங்கீட்டிலிருந்து விலக்க வேண்டும் என்ற வாதத்தையும் நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. அழிந்த இயற்கை மீன்வளத்துக்கு ஈடாகவே அவை வளர்க்கப்படுகின்றன என்பது பழங்குடியினர் தரப்பு நியாயம். அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

பியூஜெட் சவுண்ட் கடற்பகுதியின் சினூக் சால்மன் 1999இல் அச்சுறுத்தலுக்குள்ளான இனமாக அறிவிக்கப்பட்டதால் கணக்கு மேலும் இறுகியது. வளர்ப்பு மீன்களுக்கு வாலருகே உள்ள சிறு துடுப்பு நறுக்கப்படுகிறது. பல இடங்களில் அந்த அடையாளம் உள்ளவற்றை மட்டுமே தூண்டில்காரர்கள் எடுத்துச்செல்லலாம்; காட்டு மீன்களை விட்டுவிட வேண்டும். விடப்பட்டவற்றிலும் சில இறந்துபோகும் என்பதால் அதுவும் கணக்கில் சேர்க்கப்படுகிறது. 2016இல் உரிய காலத்தில் உடன்பாடு எட்டப்படாததால் பியூஜெட் சவுண்டில் பொழுதுபோக்கு மீன்பிடிப்பு சில வாரங்கள் முடங்கியது.

மீனே குறைந்தால் பாதிக்கு என்ன மதிப்பு என்ற கேள்வியையும் பழங்குடியினர் நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றனர். சாலைகளுக்கு அடியில் மாநில அரசு அமைத்த குழாய்ப் பாலங்கள், முட்டையிட மேலேறும் சால்மனைத் தடுக்கின்றன என்பது அவர்களின் வழக்கு. 2018இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் 4-4 எனப் பிரிந்ததால், பழங்குடியினருக்குச் சாதகமான கீழமை உத்தரவு நிலைத்தது. அதன்படி, தடைபட்ட வாழிடத்தில் 90 சதவீதத்தை 2030க்குள் மாநில அரசு திறந்துவிட வேண்டும்.