ஒளியைத் தாங்கும் பாத்திரம்

இறைவன் எங்கும் நிறைந்தவர் என்று ஞானோபதேசம் பயிலும் சிறு குழந்தையும் சொல்லும். எங்கும் அவரே நிறைந்திருக்கிறார் என்றால், அவரல்லாத வேறொன்று இருப்பதற்கு இடம் ஏது? வானும் மண்ணும், மரமும் மனிதரும் எங்கே நிற்கின்றன? கூர்மையுள்ள சிறுவன் ஒருவன் இக்கேள்வியைக் கேட்டுவிட்டால் உபதேசியாரும் சற்றுத் திகைத்துத்தான் போவார். இக்கேள்வியைச் செபத்தோடும் கண்ணீரோடும் பல தலைமுறைகளாகச் சிந்தித்தவர்கள் யூத ஞானியர். அவர்கள் கண்ட விடை இரண்டு உருவகங்களைப் பற்றி நிற்கிறது. ஒன்று ஒளி, மற்றது அவ்வொளியை ஏற்கும் பாத்திரம்.

அன்பு வாசகர்களே, அந்த விடையை எளிய முறையில் அறிந்துகொள்ள இங்கு முயல்வோம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28ஆம் நாள் வெளியிட்ட, கிறிஸ்தவமல்லாத மறைகளைப் பற்றிய அறிக்கை, யூத மக்களுக்கும் நமக்கும் பொதுவாயுள்ள ஆன்மீகச் செல்வம் மிகப் பெரிது என்று நினைவூட்டிற்று. ஒருவரையொருவர் அறிந்து மதிக்கவும் அழைத்தது. அயலார் வீட்டின் செபத்தை வாசற்படியில் நின்று மரியாதையுடன் செவிமடுப்பதுபோல, இப்போதனையை அணுகுவோம்.

பெயரின் பொருள்

யூத மறைஞானத்திற்குக் கபாலா என்று பெயர். நம் செவிக்கு அச்சொல் கபாலத்தை நினைவூட்டலாம். இரண்டிற்கும் எத்தொடர்பும் இல்லை. எபிரேய மொழியில் 'பெற்றுக்கொள்ளுதல்' என்பதே அதன் பொருள். ஆசிரியர் வாய்மொழியாகச் சொல்ல, மாணவர் பெற்றுக்கொண்டு, அடுத்த தலைமுறைக்குக் கையளித்த போதனை ஆதலால் இப்பெயர் ஏற்பட்டது. ஆயினும் இப்பெயருக்குள் வேறோர் ஆழமும் உண்டு. படைப்பு முழுவதும் இறைவனிடமிருந்து பெற்றுக்கொள்வது; எவ்வாறு பெற்றுக்கொள்வது என்பதே அதன் முன்னுள்ள கேள்வி. இதனை மனத்திற்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

இம்மரபின் தலையாய நூல் 'சோகார்'. சுடரொளி என்பது அப்பெயரின் பொருள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயின் நாட்டின் கஸ்தீல் பகுதியில் இது வெளிப்பட்டது. ஆண்டவர் பேசிய அரமாயிக் மொழியில், மோயீசனின் ஐந்து ஆகமங்களுக்கு விளக்கவுரைபோல் இது பெரும்பாலும் அமைந்துள்ளது. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சிமெயோன் பார் யோக்காய் என்னும் ரபி அருளியது என்று மரபு கூறும். 1305இல் இறந்த மோசே தெ லெயோன் என்பவரே இதன் பெரும்பகுதியை எழுதினார் எனவும், அவரைச் சூழ்ந்திருந்தோர் பலர் சேர்ந்து எழுதினர் எனவும் ஆராய்ச்சியாளர் கருதுவர்.

ஒரே ஒளி, பத்து வண்ணங்கள்

கபாலா மரபினர் இறைவனை அவர்தம் உள்ளியல்பில் 'ஏன் சோஃப்' என்று குறிப்பர். 'முடிவற்றவர்' என்பது இதன் பொருள். அவருக்கு உருவமில்லை, அவரை வருணிக்கச் சொல்லுமில்லை. மனித அறிவு எட்டக்கூடியதெல்லாம் அவரிடமிருந்து பாயும் ஒளியே. அவ்வொளி பத்துப் படிகளில் இறங்கி வருகிறது. அவற்றைச் 'செபிரோத்' என்பர். மகுடம், ஞானம், புத்தி, இரக்கம், வல்லமை, எழில், வெற்றி, மாண்பு, அடித்தளம், அரசு என அப்பத்தின் பெயர்களைத் தமிழிற் சொல்லலாம்.

இறைவன் ஒருவரே என்று நாள்தோறும் அறிக்கையிடும் யூத மக்கள் பத்து என்று எண்ணலாமா என்ற ஐயம் எழுவது இயல்பு. இவ்வையத்தைத் தீர்க்க மோசே கொர்தொவேரோ என்ற அறிஞர் (1522–1570) அழகியதோர் உவமை கூறினார். பல நிறக் கண்ணாடிகள் பதித்த சாளரத்தின் வழியே கதிரவனின் கதிர் உள்ளே வீழ்கிறது. சிவப்பாகவும் பச்சையாகவும் நீலமாகவும் தரையில் ஒளி படிகிறது. கதிர் நிறம் மாறிவிட்டதா? இல்லை. மாறியது காண்பவரின் காட்சியே. பழைய கோவில்களின் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களைக் கண்டிருக்கும் நமக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. இரக்கமும் நீதியும் ஒரே ஒளியின் இரு வண்ணங்கள்.

மலையூரில் ஒரு ஞானி

1492 மார்ச் 31ஆம் நாள் ஸ்பெயின் நாட்டு அரசரும் அரசியும் ஓர் ஆணையில் ஒப்பமிட்டனர். ஞானஸ்நானம் பெறாத யூதர் அனைவரும் சூலைத் திங்கள் முடிவதற்குள் நாட்டைவிட்டு நீங்கவேண்டும் என்பது அவ்வாணை. நூற்றாண்டுகளாக வாழ்ந்த வீடுகளையும் முன்னோரின் கல்லறைகளையும் விட்டு அம்மக்கள் கடலோடினர். கத்தோலிக்க அரசு இழைத்த அச்செயலை இன்று நாம் வருத்தத்துடனன்றி நினைக்க இயலாது.

அவ்வாறு சிதறியவர்களுள் பலர் காலப்போக்கில் கலிலேயாவின் மேட்டுநிலத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள சாபேத் என்ற ஊரில் குடியேறினர். 16ஆம் நூற்றாண்டில் இச்சிற்றூர் யூத ஞானத்தின் தலைநகராயிற்று. இங்குத்தான் 1570இல் ஈசாக் லூரியா வந்து சேர்ந்தார். 1534இல் எருசலேமில் பிறந்தவர். இளமையிலேயே தந்தையை இழந்து, எகிப்தில் தாய்மாமன் இல்லத்தில் வளர்ந்தவர். சாபேத்தில் அவர் போதித்த காலம் ஏறத்தாழ இரண்டே ஆண்டுகள். 1572இல் கொள்ளைநோய் அவரைக் கொண்டுபோயிற்று. அப்போது அவருக்கு வயது 38.

அவர் எழுதிவைத்தவை மிகச் சில. எழுத முற்பட்டால் அணை உடைந்து கடல் புகுவதுபோல் எண்ணங்கள் பெருகுகின்றன, அவற்றை எவ்வாறு ஏட்டில் அடக்குவேன் என்று அவர் கூறியதாக மரபு. அவர் போதனையை நமக்குக் காத்துத் தந்தவர்களுள் முதன்மையானவர், 1620இல் தமஸ்கு நகரில் இறந்த கயீம் விட்டால் என்ற சீடர்.

இடமளித்த இறைவன்

தொடக்கத்தில் முடிவற்றவரின் ஒளியே எங்கும் நிறைந்திருந்தது என்றார் லூரியா. வேறெதற்கும் இடமில்லை. ஆகவே இறைவனின் முதற் செயல், ஒளியை வெளியே வீசியதன்று. அதனை உள்ளே ஒடுக்கிக்கொண்டதே. இதற்குச் 'சிம்த்சூம்' என்று பெயர். அவ்வொடுக்கத்தால் ஒரு வெற்றிடம் உண்டாயிற்று. அதுவும் முற்றிலும் வெறுமையன்று. எண்ணெயை ஊற்றிவிட்ட குடுவையில் பிசுக்கு எஞ்சுவதுபோல ஒளியின் சுவடு அங்கே தங்கிற்று. பின்பு அவ்விடத்தினுள் மெல்லிய கோடாக ஒளி மீண்டும் பாய்ந்தது.

இது ஏன் தேவை? நம் காலத்து எடுத்துக்காட்டு ஒன்றால் இதனை உணரலாம். மின்நிலையத்திலிருந்து பெருங்கம்பிகளில் வரும் மின்சாரத்தை நேரே வீட்டு விளக்கிற் பாய்ச்சினால் விளக்கு வெடித்துவிடும். இடையிலே டிரான்ஸ்பார்மர்கள் நின்று அதன் அழுத்தத்தைக் குறைப்பதனால்தான் நம் கூடத்தில் விளக்கு எரிகிறது. சினாய் மலையில் மோயீசன் இறைமாட்சியைக் காண விழைந்தபோது, ஆண்டவர் அவரைப் பாறைப் பிளவில் நிறுத்திக் கையால் மறைத்தார் என்று யாத்திராகமம் கூறவில்லையா? அந்த மறைப்பு தண்டனையன்று. மோயீசன் உயிரோடிருக்கவேண்டும் என்ற பரிவே.

அப்படியானால் இறைவன் இல்லாத இடமும் உண்டோ? இச்சொற்களை எழுத்துப்படி கொள்ளலாகாது என்று யூத ஆசிரியர் பலர் எச்சரித்தனர். லியாதி ஊரினரான ஷ்னேயுர் சல்மான் (1745–1812) கதிரவனை உவமை காட்டினார். கதிரவனின் கதிர் பூமியில் நமக்குத் தனிப்பொருளாகத் தோன்றுகிறது. அதே கதிர் கதிரவனுக்குள்ளும் உண்டு. ஆனால் அங்கே அது தனித்துத் தெரிவதில்லை. படைப்பும் அவ்வாறே எப்பொழுதும் இறைவனுக்குள் இருக்கிறது. ஒடுக்கம் நம் கண்ணுக்கே. இறைவனின் உடனிருப்பில் குறைவில்லை.

உடைந்த பாத்திரங்கள்

பாய்ந்துவந்த ஒளியை ஏற்கப் பத்துப் பாத்திரங்கள் அமைந்தன. மேலிருந்த மூன்றும் தாங்கின. கீழிருந்த ஏழும் தாங்கமாட்டாமல் சேதமுற்றன. ஒளியின் பெரும்பகுதி மூலத்திற்குத் திரும்பிற்று. 288 பொறிகள் மட்டும் உடைந்த ஓடுகளோடு ஒட்டிக் கீழே வீழ்ந்தன. தீமையும் துன்பமும் இவ்வோடுகளில் வேர்கொண்டன என்பது லூரியாவின் போதனை.

பாத்திரங்கள் ஏன் உடைந்தன? இங்கேதான் இப்போதனையின் உயிர்நாடி இருக்கிறது. அவை ஒவ்வொன்றும் தனித்தனிப் புள்ளியாக நின்றன என்பர். இரக்கம் இரக்கமாக மட்டும், வல்லமை வல்லமையாக மட்டும் நின்றது. ஒன்று மற்றொன்றிற்கு இடமளிக்கவில்லை, பெற்றதைப் பகிரவுமில்லை. பின்னர் இறைவன் செப்பனிட்ட அமைப்பில் ஒவ்வொன்றிலும் மற்றவை அடங்கின. வல்லமைக்குள் இரக்கமும் இரக்கத்திற்குள் வல்லமையும் கலந்தன. ஒன்றையொன்று தாங்கியதால் அதே ஒளியை அவற்றால் ஏற்க முடிந்தது. இச்செப்பனிடுதலைத் 'திக்கூன்' என்பர். அதனை நிறைவுசெய்யும் பணி மனிதரின் கையில் விடப்பட்டிருக்கிறது.

எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகப் பேராசிரியராயிருந்த கெர்ஷோம் ஷோலெம் (1897–1982), நாடிழந்து சிதறிய மக்களின் துயரமே இவ்வுருவகங்களில் பேசுகிறது என்று கருதினார். பிற்கால அறிஞர் சிலர் இதனை ஏற்பதில்லை. எவ்வாறாயினும், வீடிழந்த மக்கள் இப்போதனையில் ஆறுதல் கண்டனர் என்பதை உணர்வது கடினமன்று. தாம் சிதறுண்ட நாடுகளிலெல்லாம் ஒளியின் பொறிகள் காத்திருக்கின்றன. அவற்றைத் திரட்டவே தாம் அங்கே அனுப்பப்பட்டோம் என்று எண்ணினால், நாடோடி வாழ்வும் ஓர் ஊழியமாகிவிடுகிறதல்லவா?

அன்றாட வாழ்வில்

இப்பொறிகளைத் திரட்டுவது எவ்வாறு? உண்ணும் அப்பத்தின்மீது இறைவனைப் புகழ்ந்து உண்பது, ஏழைக்கு ஈவது, வாணிபத்தில் நேர்மை காப்பது, கட்டளைகளை உள்ளக் கருத்தோடு நிறைவேற்றுவது ஆகியவையே வழி. சாபேத்தின் ஞானியர் வெள்ளி மாலையில் வெண்ணுடை உடுத்து வெளியே சென்று, ஓய்வுநாளை மணமகளை வரவேற்பதுபோல் பாடி வரவேற்றனர். அவ்வூரினரான சாலமோன் அல்காபெட்ஸ் அதற்கென இயற்றிய கீதத்தை உலகெங்குமுள்ள யூதர் இன்றும் வெள்ளிதோறும் பாடுகின்றனர்.

ஆபத்தும் இல்லாமலில்லை. நான்கு ரபிகள் மறைஞானச் சோலைக்குள் புகுந்தனர். ஒருவர் இறந்தார், ஒருவர் அறிவு மயங்கினார், ஒருவர் விசுவாசம் இழந்தார், அக்கிபா ஒருவரே சமாதானமாய் வெளிவந்தார் என்று தல்மூதில் ஒரு பழங்கதை உண்டு. 1665இல் சபத்தாய் செவி என்பவர் தம்மை மெசியா என்று அறிவித்தபோது, லூரியாவின் போதனையில் ஊறிய யூதர் பெருந்திரளாய் அவரை நம்பினர். மறு ஆண்டே சுல்தானின் முன்னிலையில் அவர் இஸ்லாத்தைத் தழுவினார். நம்பியவர்களின் உள்ளம் நொறுங்கிற்று. இந்நாளிலும் கபாலாவின் பெயரால் சிவப்புக் கயிறும் தாயத்தும் விற்போர் உண்டு. சாபேத்தின் ஞானியர் நாடியது அதிர்ஷ்டமன்று, தூய்மையே.

நாம் சிந்திக்க

திருச்சபையின் போதனையும் இதுவும் எல்லா இடத்தும் ஒன்றல்ல. இறைவன் ஒன்றுமில்லாமையிலிருந்து தம் சித்தத்தால் உலகைப் படைத்தார் என்றும், தீமை மனிதனின் சுயாதீனத்தோடு தொடர்புடையது என்றும் நாம் விசுவசிக்கிறோம்; பாத்திரம் உடைந்த வரலாறு நம் விசுவாசக் கோட்பாடன்று. எனினும் அதில் நம் இல்லங்களுக்குரிய படிப்பினை உண்டு.

பிள்ளை நடை பயிலும்போது தாய் கையை விட்டு ஓரடி பின்வாங்குகிறாள். அன்பு குறைந்ததாலா? பிள்ளை நடக்க இடம் வேண்டுமே என்பதற்காக. தன் புலமை முழுவதையும் ஒரே நாளில் கொட்டும் ஆசிரியரிடம் மாணவன் எதையும் கற்பதில்லை. மாணவனின் அளவறிந்து தன்னைச் சுருக்கிக்கொள்பவரே ஆசிரியர். வளர்ந்த மகனுக்கும் வந்த மருமகளுக்கும் இடமளிக்கத் தெரியாத பெரியவர்கள் உள்ள வீட்டில் அன்பு இருந்தும் அமைதி இருப்பதில்லை. கண்டிப்பு மட்டும் அறிந்த தந்தையும் செல்லம் மட்டும் அறிந்த தாயும் தனித்தனிப் புள்ளிகளாய் நின்றால், இடையில் உடைவது பிள்ளையின் உள்ளமே.

செபத்தில் இறைவன் மறைந்துகொண்டார் என்று தோன்றும் நாட்களும் நமக்கு வருவதுண்டு. நோயிலும் இழப்பிலும் அவரை எங்கே தேடுவோம் என்று கலங்குகிறோம். அவர் மறைந்ததும் நமக்கு இடமளிக்கவே என்று எண்ணி, அடுத்திருப்பவரின் சுமையில் ஒரு கை கொடுப்போம். பெற்ற ஒளியைப் பகிரும் பாத்திரம் உடைவதில்லை என்று சாபேத்தின் ஞானியர் நம்பினர். இன்றிரவு உணவுக்குமுன் குடும்பமாய்ச் செபிக்கையில், அதனை நாமும் ஒரு கணம் நினைத்துக்கொள்வோம்.