கடைக்கு ஏற்ற கணினித் தளம்

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையிலும் இடுக்கி மாவட்டத்து மூணாற்றிலும் தமிழ்வழியில் பயிலும் பிள்ளைகள் கணினி கற்பது விண்டோஸில் அன்று. குனு/லினக்ஸ் என்னும் இயங்குதளத்தில். கணினியின் உறுப்புகளையும் அதில் நாம் செய்யும் பணிகளையும் இணைத்து நடத்தும் மென்பொருளே இயங்குதளம் ஆகும்.

கேரள அரசு 2001-இல் பள்ளிகளுக்கெனக் கணினிக் கல்வித் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. பின்னர் லினக்ஸைத் தேர்ந்தது. இதற்கு உரிமக் கட்டணம் இல்லை. மூலநிரலைத் திருத்தவும் தடையில்லை. ஆதலின், பாடத்திற்கு வேண்டிய மென்பொருள்களைச் சேர்த்து, அரசின் 'கைட்' நிறுவனம் பள்ளிகளுக்கென்றே ஒரு பதிப்பைத் தொகுத்து வழங்குகிறது.

வெளிமாநிலங்களில் கடையோ பட்டறையோ நடத்தும் நமக்கும் இதில் பாடம் உண்டு. தொழிலில் புதுமை செய்ய விழைவோர், தம் கருவியைத் தம் தேவைக்கேற்ப மாற்ற இயலுமா என்று முதலில் நோக்குதல் வேண்டும். 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிவுற்றது. நன்கு உழைக்கும் பழைய கணினிகள் பலவும் விண்டோஸ் 11-ஐ ஏற்பதில்லை. புதுக் கணினிக்குச் செலவிடுவதா, லினக்ஸுக்கு மாறுவதா என்னும் வினா இன்று பல கடைகளில் எழுந்துள்ளது.

எனினும், ஆராயாமல் மாறுதல் தகாது. கணக்கு மென்பொருள்கள் சில விண்டோஸில் மட்டுமே இயங்கும். அச்சுப்பொறிகள் சில லினக்ஸுடன் இணங்கா. நாள்தோறும் கணினியில் செய்யும் வேலைகளைப் பட்டியலிடுவோம். பழைய கணினி ஒன்றில் லினக்ஸை நிறுவி, அவற்றை ஒவ்வொன்றாகச் செய்து பார்ப்போம். அனைத்தும் தடையின்றி நடைபெறின் மாறுவோம். இன்றேல் காரணம் அறிந்தே இருப்பதைத் தொடர்வோம்.