வளைவு ஏன் கூராகிறது?

ஹைதராபாத்திலிருந்து வடக்கே சுமார் 100 கி.மீ. தொலைவில், மேதக்கில் நிற்கிறது 175 அடிக் கோபுரமுள்ள தேவாலயம். போதகர் சார்லஸ் வாக்கர் போஸ்னெட் முயற்சியில் எழும்பி, 1924 டிசம்பர் 25இல் அர்ப்பணிக்கப்பட்டது. இடைக்கால இங்கிலாந்தின் கோவில்களில் 12ஆம் நூற்றாண்டில் பரவிய கூர்வளைவுதான் இதற்கும் அடிப்படை. அதை வெறும் அலங்காரம் என்பது தவறு. இரண்டு சீட்டுகளை ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்திப் பாருங்கள். படுக்கையாகச் சாய்த்தால் அடி வழுக்கி விலகும். செங்குத்தாகச் சாய்த்தால் நிற்கும். வளைவும் அப்படித்தான்: அகலமும் பாரமும் மாறாமல் உயரம் இரட்டித்தால், சுவரை வெளியே தள்ளும் விசை ஏறக்குறையப் பாதியாகும். மிஞ்சும் தள்ளலை முட்டுச்சுவர்கள் வாங்கி மண்ணுக்கு இறக்குகின்றன. சுவரின் சுமை இப்படிக் குறைவதால்தான் பெரிய வண்ணக்கண்ணாடிச் சன்னல்களுக்கு இடம் கிடைக்கிறது.

கூர்வளைவு குளிர்நாட்டு வடிவம், தக்காணத்துக்கு அந்நியம் என்று சிலர் மறுக்கலாம். ஆனால் ஹைதராபாத்தில் 1591இல் எழுந்த சார்மினாரின் நான்கு பெரிய வளைவுகளும் கூரானவையே! முட்டுச்சுவர் இல்லாமல் அது எப்படி நிற்கிறது? மூலைக்கொன்றாக நிற்கும் மினார்களைக் கவனியுங்கள். அவற்றின் பாரம் மேலிருந்து அழுத்தி, பக்கவாட்டுத் தள்ளலைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. இங்கிலாந்துக் கொத்தனாரும் முட்டுச்சுவரின் தலையில் கல்கூம்பு ஏற்றியது இதே காரணத்துக்காகத்தான். மேதக்கின் வடிவம் கடல் கடந்து வந்தது உண்மை. அதைத் தாங்கும் கணக்கு ஹைதராபாத்தில் அதற்கு 333 ஆண்டுகள் முன்பே நின்றுகொண்டிருந்தது.