எண்ணங்களின் பெட்டகம்

திருகோணமலைக்கு யாத்திரை வருவோர் பிரெட்றிக் கோட்டையின் வாயிலைக் கடந்தே கோணேசப் பெருமானின் சந்நிதிக்குச் செல்லுதல் வேண்டும். அவசரமாகப் போகிறவர்களின் கண்ணிற் படாத பொருளொன்று அவ்வாயிலில் உண்டு. இரட்டைக் கயலும் தமிழெழுத்தும் வெட்டிய கற்கள் அங்கே கட்டிடத்தோடு கட்டிடமாகப் பதிந்திருக்கின்றன. போர்த்துக்கேயர் பழைய ஆலயத்தை இடித்து, 1624ஆம் ஆண்டில் அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பியபோது வந்து சேர்ந்தவை அவை. கோட்டை கட்டியவனுக்கு அது கல், எழுத்தன்று. ஆதலால் எழுத்திற் பெரும்பகுதி மறைந்து போயிற்று. எஞ்சிய சில சொற்களை, வழிவழியாக வந்த பாடலொன்றோடு பொருத்தி அறிஞர் படித்துள்ளனர். குளக்கோட்டனின் திருப்பணியையும் பறங்கியரின் வருகையையும் கூறும் அப்பாடலும் இன்று ஒன்றுக்கு மேற்பட்ட பாடங்களில் வழங்குகின்றது.

பிள்ளைப் பருவந்தொட்டு அவ்வாயிலாற் போய்வருபவன் நான். கோட்டை கட்டியவன் செய்த காரியத்தையே நானும் என் வீட்டில் இருந்தபடி செய்து முடித்தேன் என்பது, சென்ற ஆண்டு என் மகள் கேட்ட கேள்வியாலேதான் எனக்கு விளங்கிற்று.

பாடசாலையிற் சரித்திர பாடத்துக்காகத் துறைமுகத்தைப் பற்றி ஒரு செயற்றிட்டம் கொடுத்திருந்தார்கள். அவள் கொப்பியும் பேனையுமாக விறாந்தைக்கு வந்து, "அப்பா, அப்பப்பா டொக்யாட்டிலே என்ன வேலை செய்தவர்?" என்று கேட்டாள்.

"எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன், பிள்ளை. என் இணையத்தளத்திலே பார்" என்று நான் பெருமையோடு சொன்னேன்.

சிறிது நேரத்தில் அவள் திரும்பி வந்தாள். "அங்கே அப்பப்பாவைப் பற்றி ஒன்றுமில்லையே!"

அவள் சொன்னது உண்மைதான். அழித்தவன் நானே.

நடந்ததை முறையாகச் சொல்கிறேன். 2002ஆம் ஆண்டிற் போர்நிறுத்தம் வந்து, பாதைகள் திறந்து, நகரில் இணையக் கடைகள் பெருகிய காலம் அது. பட்டப்படிப்பை முடித்துக்கொண்டு ஊருக்குத் திரும்பியிருந்த நான், எனக்கென ஓர் இணையத்தளம் தொடங்கினேன். இலவசமாக இடம் கொடுத்தார்கள். எழுதுவதற்கு ஆசையும் இருந்தது. படித்த நூல்கள், வகுப்பறையில் நேர்ந்தவை, மனத்திற் பட்ட அபிப்பிராயங்கள் எல்லாவற்றையும் அதில் இட்டு வந்தேன். மாலை வேளைகளில் உவர்மலையிலுள்ள எங்கள் வீட்டு விறாந்தையில், உட்துறைமுகத்தைப் பார்த்தபடி தந்தையார் சொல்லும் கதைகளுள் மூன்றையும் 2003இல் எழுதிச் சேர்த்தேன். முதலாவது, டொக்யாட்டில் விடியற்காலையில் ஊதும் சங்கைப் பற்றியது. இரண்டாவது, 1942 ஏப்ரில் 9ஆந் திகதி ஜப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தின் மீது குண்டு வீசியபோது, நான்கு வயதுப் பிள்ளையாக மாட்டு வண்டியில் ஊரைவிட்டு ஓடியது. மூன்றாவது, 1957 ஒக்டோபரிற் பிரித்தானியர் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தபோது, பத்தொன்பது வயதுப் பிற்றர் பழகுநராக அவர் கடைசிச் சம்பளம் பெற்ற நாள்.

தந்தையார் 2008இற் காலமானார். 2012இல் நான் சொந்தப் பெயரில் இணைய முகவரி பெற்று, தளத்தைப் புதுப்பித்தேன். அப்போதுதான் அந்த அவிவேகம் நிகழ்ந்தது. 'இலக்கியத் தரமுடையவை மாத்திரமே இருக்கட்டும்' என்று எண்ணி, கட்டுரைகளை வைத்துக்கொண்டு 'வீட்டுக் குறிப்புகள்' என்ற பகுதியை ஒரே தட்டில் அழித்துவிட்டேன். பாரதியையும் புதுமைப்பித்தனையும் பற்றி நான் எழுதிய கட்டுரைகள் பத்திரமாக இருந்தன. அவற்றிற் சொல்லப்பட்டதை என்னிலும் நன்றாகச் சொன்னவர்கள் நூறு பேராவது உண்டு. டொக்யாட்டுச் சங்கைப் பற்றிச் சொன்னவர் ஒருவரே; அவருடைய சொல் போயிற்று.

இந்த இடத்தில் ஆனந்தரங்கப் பிள்ளையை நினைத்துக்கொள்ளத் தோன்றுகிறது. புதுச்சேரியில் டூப்ளேயின் துபாஷியாக விளங்கிய அவர் 1736 முதல் 1761இல் தாம் இறக்கும் வரை நாட்குறிப்பு எழுதி வந்தார். எந்தக் கப்பல் கரை சேர்ந்தது, எவர் எவரிடம் என்ன கோள் சொன்னார், யாருக்கு என்ன வெகுமதி கிடைத்தது, மழை பெய்ததா, கிரகநிலை எப்படி என்றெல்லாம் எழுதினார். இவற்றுள் இலக்கியத் தரமுடையது எது என்று அவர் சலித்துப் பார்த்திருப்பாராயின் நமக்கு என்ன மிஞ்சியிருக்கும்? 1846இல் கலுவா மொம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் அக்குறிப்புகளைக் கண்டெடுத்தார். பின்னர் ஆங்கிலத்தில் அவை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தன. அந்நாளையத் தென்னிந்திய வாழ்க்கையை அறிய விரும்புவோர் இன்றும் அவற்றையே நாடுகின்றனர். அவற்றிலும் இடையிடையே விடுபட்ட காலங்கள் உண்டு. ஏடு தொலைந்த இடத்தில் சரித்திரமும் வாய்மூடிக்கொள்கிறது.

காகித ஏட்டையாவது செல்லரிக்க நூறு ஆண்டு வேண்டும். இணையப் பக்கத்தின் ஆயுள் அதனினும் குறைவு. 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் நூற்றுக்கு 38, பத்தாண்டுகளுக்குப் பின் கிடைக்கவில்லை என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு நிலையம் 2024இல் அறிவித்தது. உலகெங்கும் சாதாரண மனிதர்கள் தம் சொந்தப் பக்கங்களை அமைத்து வைத்திருந்த ஜியோசிற்றிஸ் என்னும் பெருநகர் 2009 ஒக்டோபர் 26ஆந் திகதி மூடப்பட்டது. தொண்டர் சிலர் இரவுபகலாக நின்று பிரதி எடுத்திராவிட்டால் அவ்வளவும் மண்ணாகியிருக்கும். நம் நாட்டில் 1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்த துயரை நாம் அறிவோம். ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் 2005 முதல் இணையத்திற் சேமித்துவரும் நூலகம் திட்டத்தின் அருமையையும் அறிவோம். ஆயின், ஒரு வாத்தியாரின் வீட்டுக் குறிப்பை அந்த வாத்தியாரே காக்காவிட்டால் வேறு யார் காப்பார்?

மகளின் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாயிருந்தது. அன்றிரவே தேடத் தொடங்கினேன். சான்பிரான்சிஸ்கோ நகரில் 1996இல் புரூஸ்டர் கேல் என்பவர் நிறுவிய இணைய ஆவணக் காப்பகம், உலகின் பக்கங்களையெல்லாம் அவ்வப்போது பிரதி செய்து வைக்கின்றது. 2001 முதல் எவரும் அவற்றைப் பார்க்கலாம். என் பழைய முகவரியை அங்கே கொடுத்தபோது 2004ஆம் ஆண்டுப் பிரதியொன்று கிடைத்தது. மகிழ்ச்சியோடு திறந்தால், பக்கம் முழுவதும் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகக் கொட்டிக் கிடந்தன!

அதற்குக் காரணம் பாமினி. ஈழத்தில் அக்காலம் பெரிதும் வழங்கிய எழுத்துரு அது. அதில் தமிழெழுத்துக்கெனத் தனி எண் கிடையாது. ஆங்கில எழுத்தின் இடத்திலே தமிழ் வடிவத்தை வரைந்து வைத்திருப்பார்கள். 'தமிழ்' என்று காண்பதற்கு ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும் தட்டவேண்டும். எழுத்துரு கணினியில் இல்லையாயின் தட்டியது மாத்திரமே தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் கொடுத்த யூனிகோட் முறை வந்து நிலைபெறும்வரை நம்மவர் எழுதிய எத்தனையோ பக்கங்களுக்கு இதுவே கதி.

பாமினியை யூனிகோடாக மாற்றும் கருவிகள் இணையத்தில் உண்டு. மாற்றினேன். மாற்றிய பின்னும் சொல்லுக்குச் சொல் ஒப்பு நோக்க வேண்டியிருந்தது. நான் ஆங்கில எழுத்தில் எழுதியிருந்த பெயர்களையும் கருவி தமிழென்று கருதிக்கொண்டது. இலண்டன் பி.பி.சி. தமிழோசை, 'டீடீஊ தமிழோசை' ஆயிற்று! மகள் வயிறு குலுங்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் என் குற்றமும் பாதி கரைந்தது என்று எண்ணிக்கொண்டேன்.

முதல் இரண்டு குறிப்புகள் முழுமையாகக் கிடைத்தன. மூன்றாவது, கடைசிச் சம்பளத்தைப் பற்றியது, கிடைக்கவில்லை. அதன் தலைப்பு மாத்திரம் பட்டியலில் இருந்தது. அழுத்தினால் பக்கம் இல்லை என்று வந்தது.

இதன்பின் தளத்தை இரண்டாம் முறை ஒழுங்குபடுத்த முனைந்தேன். இம்முறை மகளே எனக்குத் துணை. சில வேளைகளில் எசமானியும் அவளே. வைத்துக் காப்பது ஒன்று, வெளியே காட்டுவது இன்னொன்று என்பதை முதலில் தெளிந்துகொண்டோம். நூதனசாலைகளில் மக்கள் காணும் பொருள் சில. உள்ளறையிற் பேணப்படுபவை பல. அவ்வாறே எழுதியவை 412ஐயும் ஒன்றுவிடாது காத்து, அவற்றுள் 230 அளவில் முன்னே வைத்திருக்கிறோம். மாணவர்களின் பெயர் வந்த குறிப்புகள் உள்ளறைக்குப் போயின. அவர்கள் இன்று பிள்ளை குட்டிகளோடு வாழ்கிறவர்கள். பதினான்கு வயதில் அவர்கள் செய்த குறும்பு ஊரறிய வேண்டியதில்லை. இளமைத் திமிரோடு மூத்த கவிஞர் ஒருவரை நான் தாக்கி எழுதிய விமர்சனமும் உண்டு. அதையும் உள்ளே தள்ளிவிடத்தான் விரும்பினேன். "உங்கள் பிழையை மட்டும் ஒளிப்பீர்களோ?" என்றாள் மகள். வாதத்துக்கு விடை கிடைக்கவில்லை. விமர்சனம் முன்னறையிலேயே இருக்கிறது. அதன் அடியில், இன்றைய திகதியிட்டு, அன்று எனக்கு விளங்காதிருந்தது இன்னதென எழுதியிருக்கிறேன். மேலேயுள்ள ஒரு சொல்லையும் தொடவில்லை.

முன்பு எல்லாம் திகதி வரிசையிற் கிடந்தன. புதியது மேலே வர, பழையது அடியிற் புதைந்துவிடும். இப்போது துறைமுகம், வகுப்பறை, நூல்கள், வீடு எனப் பொருள்வாரியாக வைத்து, முதலில் எழுதிய திகதியை ஒவ்வொன்றின் தலையிலும் இட்டோம். பக்கங்களின் முகவரிகளை மாற்றவில்லை. உலகளாவிய வலையை ஆக்கிய டிம் பேர்ணர்ஸ்-லீ, முகவரி மாறலாகாது என்பதை 1998லேயே வற்புறுத்தி எழுதினார். பழைய முகவரியைக் குறித்து வைத்திருக்கும் ஒருவர் இருபது ஆண்டு கழித்துத் தட்டினாலும் கதவு திறத்தல் வேண்டும். அன்றியும், அலங்காரங்களை நீக்கி எல்லாவற்றையும் வெறும் எழுத்துக் கோப்புகளாக்கினோம். எந்தக் கணினியும் அவற்றைத் திறக்கும். கைத்தொலைபேசியில் எடுக்கும் சில புகைப்படங்களின் இடத்தினுள் என் இருபத்திரண்டு ஆண்டுச் சிந்தனையும் அடங்கிவிட்டது! ஒரு பிரதி வீட்டில். ஒன்று கொழும்பிலுள்ள தம்பியிடம். மற்றொன்று, மகளின் பிடிவாதத்தால், அச்செடுத்துக் கட்டிய புத்தகமாக அலுமாரியில் இருக்கிறது. கரண்ட் இல்லாத நாளிலும் படிக்கலாமாம்.

எஞ்சியது அந்த மூன்றாம் குறிப்பு. நினைவிலிருந்து திரும்ப எழுதிவிடலாம் என்று ஒருநாள் உட்கார்ந்தேன். சம்பளக் கவரைக் கையில் வாங்கியதும் நண்பர்களோடு கடற்கரை வரை நடந்து சென்றதாகத் தந்தையார் சொன்னது ஞாபகம். அன்று அவர்கள் மகிழ்ந்தார்களா, வேலை போயிற்றே என்று கலங்கினார்களா? நாடு தளத்தை மீட்ட நாள் அது. அவருக்கோ கைத்தொழில் பாதியில் நின்ற நாள். இரண்டையும் அவர் ஒரே வாக்கியத்திற் சொன்னார் என்பது மாத்திரம் நினைவிருக்கிறது. அந்த வாக்கியம் நினைவில் இல்லை.

எழுதிய இரண்டு பந்திகளையும் மகள் படித்துப் பார்த்தாள். "இது அப்பப்பா சொன்னதா, நீங்கள் சொல்வதா?" என்றாள்.

அவற்றை எடுத்து என் பெயரில், இன்றைய திகதியில், வேறு பக்கமாக இட்டேன். மூன்றாம் குறிப்புக்குரிய பக்கத்தில் 'கடைசிச் சம்பளம்' என்ற தலைப்பும் '2003' என்ற ஆண்டும் மட்டும் இருக்கின்றன. அவற்றின் கீழே வெற்றிடம்.