இரண்டாவது இயந்திரமும் பயிற்சி ஆசிரியரும்

விமானத்தில் இயந்திரங்கள் இரண்டு இருந்தால் பாதுகாப்பும் இரு மடங்காகும் என்று பலர் எண்ணுகின்றனர். இரட்டை இயந்திர விமானத்தில் பயிற்சி அளிக்கும் ஆசிரியர் அவ்வாறு எண்ணுவதில்லை. ஓர் இயந்திரம் நின்றபின் விமானி செய்வதைப் பொறுத்தே அந்தப் பாதுகாப்பு அமையும் என்பதை அவர் அறிவார்.

பயிற்சிக்குரிய சிறு விமானங்களில் இறக்கைக்கு ஓர் இயந்திரம் அமைந்திருக்கும். ஒன்று நின்றால் சக்தியில் பாதி போகிறது. மேலே ஏறும் திறனிலோ ஏறக்குறைய 80 சதவீதம் போய்விடுகிறது. மற்ற இயந்திரம் ஒருபுறமாக இழுப்பதால், விமானத்தின் மூக்கு நின்றுபோன இயந்திரத்தின் பக்கம் திரும்புகிறது. ஓடும் இயந்திரத்தின் பக்கத்துக் கால்மிதியை அழுத்தி அதைத் தடுக்க வேண்டும். வேகம் ஓர் எல்லைக்குக் கீழே குறைந்தால் மிதியை முழுதும் அழுத்தினும் பயனில்லை. விமானம் புரண்டு விழக்கூடும்.

வேலையற்றிருக்கும் காலின் பக்கத்து இயந்திரமே நின்றது என்பது பாலபாடம். எனினும், பதற்றத்தில் கை தவறுவதுண்டு. 2015ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் தேதி தைப்பே நகரிலிருந்து புறப்பட்ட டிரான்ஸ்ஏஷியா விமானத்தின் ஓர் இயந்திரம் சக்தி இழந்தது. விமானியோ பழுதின்றி ஓடிய மற்றதை நிறுத்திவிட்டார். 58 பேரில் 43 பேர் மாண்டனர்.

இத்தகைய தவற்றைத் தடுக்கவே ஆசிரியர், போதிய உயரத்தில், மாணவர் எதிர்பாராத வேளையில் ஓர் இயந்திரத்தின் சக்தியைக் குறைக்கிறார். எது நின்றது என்று கண்டு, அதன் விசைப்பிடியை மெல்லப் பின்னுக்கு இழுத்துச் சரிபார்த்த பின்னரே அதை நிறுத்த முனைய வேண்டும் என்று பழக்குகிறார். மாணவர் தடுமாறியவுடன் ஆசிரியர் கைகொடுத்தால் பாடம் மனத்தில் பதியாது. தாமதித்தால் இருவர் உயிருக்கும் ஆபத்து. எதுவரை பொறுக்கலாம் என்பதை அறிவதே இத்தொழிலின் அருமை.

இதை விரும்புவோர், நம் நாட்டில் 200 மணி நேரப் பறத்தல் அனுபவத்துடன் வர்த்தக விமானி உரிமம் பெற வேண்டும். இரட்டை இயந்திர விமானம் ஓட்டும் தகுதியும் வேண்டும். அதன்பின் வலப்புற ஆசனத்திலிருந்து விமானத்தைச் செலுத்தவும், செய்வதை வாயால் விளக்கவும் பழகித் துணைப் பயிற்சி ஆசிரியராகலாம். பின்னர் அனுபவத்தால் முழுத் தகுதி பெறலாம். உத்தரப் பிரதேசத்து புர்சத்கஞ்சில் உள்ள இந்திரா காந்தி ராஷ்டிரிய உடான் அகாடமி போன்ற நிலையங்கள் இத்தகையோர்க்குப் பணிக்களமாகும்.

பெரிய விமானக் கம்பெனிக்குச் செல்லும் வழியிலுள்ள ஒரு படியாக இதைக் கருதுவோர் உண்டு. ஆனால் அக்கம்பெனிகளின் விமானிகளும் இத்தகைய ஓர் ஆசிரியரிடம் கற்றவர்களே என்பதை நினைவில் வைத்தல் தகும்.