மேஜை விரிப்பில் தைத்த உறவு

அரசுகள் முறைத்துக்கொண்டிருந்தபோதும் ஐரோப்பிய ஊர்கள் ஒன்றோடொன்று கைகோத்தன. உக்ரைன் போர் அந்த நட்பைச் சோதித்திருக்கிறது.

ரஷ்யாவின் வோல்கோகிராட் நகரில் ஸ்டாலின்கிராட் யுத்தத்துக்கென்று ஓர் அருங்காட்சியகம் உண்டு. பீரங்கி, துப்பாக்கி, பதக்கம் என்று போரின் எச்சங்கள் நிறைந்த அந்த இடத்துக்குச் சற்றும் பொருந்தாத ஒரு பொருள் அங்கே இருக்கிறது: ஒரு மேஜை விரிப்பு. இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்துப் பெண்கள் 830 பேரின் பெயர்கள் அதில் நூலால் தைக்கப்பட்டுள்ளன. இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்தபோது ஆளுக்குச் சில காசுகள் சேர்த்து அவர்கள் அனுப்பியது. பெரிய அனுதாபத்தைவிடச் சின்ன உதவி மேல் என்ற பொருளில் ஒரு வாசகமும் அதில் உண்டு.

அனுப்பியவர்கள் பெற்றவர்களைப் பார்த்ததில்லை. பார்க்கும் வாய்ப்பும் இல்லை. தமிழ் படித்தவர்களுக்குப் பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் நினைவுக்கு வரலாம். ஆனால் இங்கே புலவரும் இல்லை, அரசரும் இல்லை. மோட்டார் தொழிற்சாலைகள் நிறைந்த ஒரு நகரத்தின் சாதாரணப் பெண்கள்தான்.

கவென்ட்ரிக்கு ஸ்டாலின்கிராடின் வலி புரிந்ததற்குக் காரணம் உண்டு. 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மன் விமானங்கள் விடிய விடிய குண்டு போட்டதில் அந்நகரின் மையப் பகுதி எரிந்துபோனது. ஐநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இடைக்காலத்தில் எழுந்த செயின்ட் மைக்கேல் தேவாலயத்தில் வெளிச்சுவர்களும் கோபுரமும்தான் மிஞ்சின. ஒரு நகரத்தைத் தரைமட்டமாக்குவதைக் குறிக்க, கவென்ட்ரியின் பெயரையே வினைச்சொல்லாக்கி மகிழ்ந்தது நாஜிப் பிரசாரத் துறை. சொற்களோடு பிழைப்பு நடத்தும் என் போன்றவர்களுக்கு இதைவிடக் கேவலமான சொல்லாக்கம் வேறு நினைவுக்கு வரவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து அதே குண்டுகள் ஸ்டாலின்கிராட் மீது விழுந்தன. 1942 ஆகஸ்டில் தொடங்கி 1943 பிப்ரவரிவரை தெருத் தெருவாக, வீடு வீடாக நடந்த சண்டையில் நகரமே மண்மேடானது. 1944இல் கவென்ட்ரியும் ஸ்டாலின்கிராடும் முறைப்படி நட்பு நகரங்களாயின. இன்றைய ‘இரட்டை நகர’ உறவுகளின் தொடக்கமாகப் பலரும் சுட்டுவது இதைத்தான். (ஸ்டாலின்கிராட் 1961இல் வோல்கோகிராட் ஆனது.)

இரட்டை நகரம் என்றதும் நமக்கு ஹைதராபாத்தும் செகந்திராபாத்தும்தான் தோன்றும். ஐரோப்பாவில் விஷயம் வேறு. ஒன்றையொன்று ஒட்டியிராத, பெரும்பாலும் வெவ்வேறு நாடுகளில் உள்ள இரு ஊர்கள் தீர்மானம் போட்டு நட்பு பூணுவதே அங்கே இரட்டை நகரம். பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் ‘இரட்டையர்’ என்கிறார்கள். ரஷ்ய மொழியில் சத்தியம் செய்து சகோதரரானவர்களைக் குறிக்கும் சொல். ஜெர்மானியரின் சொல்லை அப்படியே பெயர்த்தால் ‘பங்காளி நகரம்’ என்று வரும். நம்மூரில் பங்காளி என்றாலே வரப்புத் தகராறும் கோர்ட்டு வாசலும்தான்!

பிரான்சையும் ஜெர்மனியையும் பொறுத்தவரை அந்தத் தமிழ்ப் பொருளும் தப்பில்லை. எழுபத்தைந்து ஆண்டுகளில் மூன்று போர்கள். அல்சேஸ் பகுதி இரு நாடுகளுக்கும் மாறி மாறிக் கைமாறியது. இந்தப் பங்காளிகளிடையே முதல் ஊர் உறவு 1950இல் பிறந்தது. பிரான்சின் மோன்பெலியார், ஜெர்மனியின் லூட்விக்ஸ்பர்க். மோன்பெலியார் ஏறக்குறைய நான்கு நூற்றாண்டுகள் ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் அரச வம்சத்தின் கையில் இருந்த ஊர். லூட்விக்ஸ்பர்க் அதே வம்சத்தார் கட்டிய ஊர். பழைய தாயாதி உறவு ஒன்று கிடந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் உறவைச் சாத்தியமாக்கியது வம்சாவளி அல்ல. அப்போது மோன்பெலியார் மேயராக இருந்த லூசியன் தராதான், நாஜி எதிர்ப்பு இயக்கத்தில் இருந்து பிடிபட்டு, புக்கன்வால்ட் வதை முகாமில் அடைபட்டு உயிரோடு மீண்டவர். முகாமிலிருந்து விடுதலையாகி ஐந்தே ஆண்டுகளில் அவர் ஒரு ஜெர்மன் ஊரை நோக்கிக் கை நீட்டினார். கை நீட்டாதிருக்க அவரைவிட அதிகக் காரணம் உள்ளவர் யார்? இரு நாடுகளின் தலைவர்கள் எலிசே அரண்மனையில் நட்புறவு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது 1963 ஜனவரியில். ஊர்கள் பதின்மூன்று ஆண்டுகள் முந்திக்கொண்டன. இப்போது பிரான்ஸ், ஜெர்மனி இடையே மட்டும் சுமார் 2,200 ஊர் உறவுகள் உள்ளன.

கல்யாணப் பேச்சு மாதிரிதான் இதன் நடைமுறையும். முதலில் யாராவது ஓர் ஆசிரியரோ இசைக்குழுவோ போய் வரும். பிறகு இரு நகர மன்றங்களும் தீர்மானம் நிறைவேற்றும். மேயர்கள் மேடையில் உறுதிமொழி வாசித்துக் கையெழுத்திடுவார்கள். ஊர் எல்லையில் இரட்டையின் பெயரோடு பலகை நடப்படும். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. அதை நகராட்சி செய்வதைவிட ஊர்க்காரர்கள் சேர்ந்து அமைக்கும் குழு செய்வதே அதிகம். ஒரு பஸ் நிறைய ஆட்கள் போவார்கள். அவர்கள் தங்குவது ஓட்டலில் அல்ல, வீடுகளில். பாஷை தெரியாத விருந்தாளிக்குக் காலையில் என்ன சாப்பாடு கொடுப்பது என்று இரு தரப்பும் திணறும். அடுத்த ஆண்டு அந்த வீட்டுப் பையன் இந்த வீட்டுக்கு வருவான்.

ஓசியில் ஊர் சுற்றுவதற்குக் கவுன்சிலர்கள் கண்டுபிடித்த வழி என்ற கேலி அங்கேயும் உண்டு. பொய்யென்று தள்ள முடியாது. பாரிஸ் 1956இலிருந்து ரோமைத் தவிர வேறு எந்த நகரத்தையும் இரட்டையாக ஏற்பதில்லை என்ற ராஜ கௌரவத்தில் இருக்கிறது. இங்கிலாந்தின் ரட்லண்ட் பகுதியிலுள்ள விட்வெல் என்ற குட்டிக் கிராமத்தார் 1980இல் பாரிஸ் மேயர் ழாக் ஷிராக்குக்குக் கடிதம் எழுதினார்கள்: குறிப்பிட்ட தேதிக்குள் பதில் வராவிட்டால் சம்மதம் என்று கொள்வோம். பதில் வரவில்லை. ஊர் எல்லையில் பாரிஸின் இரட்டை என்று பலகை நட்டுவிட்டார்கள்!

மறுபடியும் கவென்ட்ரிக்கு வருவோம். தன்னைப் போல் அடிபட்ட, தன் பக்கம் நின்று போரிட்ட ஸ்டாலின்கிராடோடு நட்பு கொண்டதில் வியப்பில்லை. கஷ்டமான காரியத்தை அது பிறகுதான் செய்தது. 1945 பிப்ரவரியில் பிரிட்டிஷ், அமெரிக்க விமானங்கள் எரித்த ஜெர்மன் நகரம் டிரெஸ்டன். அங்கே செத்தவர்கள் 25,000 பேர்வரை என்பது வரலாற்றாசிரியர் குழு ஒன்று 2010இல் எட்டிய முடிவு. அந்த டிரெஸ்டனோடு 1959இல் கவென்ட்ரி உறவு பூண்டது.

அப்போது டிரெஸ்டன் கம்யூனிஸ்ட் கிழக்கு ஜெர்மனியில் இருந்தது. அந்த அரசை பிரிட்டன் அங்கீகரித்ததோ 1973இல்! அதாவது, லண்டனைப் பொறுத்தவரை இல்லாத ஒரு நாட்டின் நகரத்தோடு பதினான்கு ஆண்டுகள் கவென்ட்ரி நட்பு பாராட்டியது. 1965இல் பிரிட்டிஷ் இளைஞர்கள் அங்கே போய்ச் சில மாதங்கள் தங்கி, குண்டுவீச்சில் இடிந்த மருத்துவமனை ஒன்றைக் கட்ட உதவினார்கள். டிரெஸ்டனின் பெருமையான ஃப்ராவன் தேவாலயம் மீண்டும் எழுந்தபோது, உச்சியில் வைக்கும் தங்கமுலாம் பூசிய சிலுவை பிரிட்டனிலிருந்து அன்பளிப்பாகப் போனது. செய்தவர் ஆலன் ஸ்மித் என்ற பொற்கொல்லர். டிரெஸ்டன் மீது குண்டு போட்ட விமானப் படையினரில் அவர் தந்தையும் ஒருவர். 2004இல் சிலுவை கோபுரமேறியது. அடுத்த ஆண்டு தேவாலயம் திறக்கப்பட்டது.

இப்படியெல்லாம் வளர்ந்த உறவுகள் இந்த நூற்றாண்டில் தேயத் தொடங்கின. குழுக்களை நடத்தியவர்களுக்கு வயதாகிவிட்டது; மலிவு விமானத்தில் எங்கும் போகலாம் என்றான பிறகு இளைஞர்களுக்கு நகராட்சியின் பஸ் தேவைப்படவில்லை. இங்கிலாந்தின் பிஷப்ஸ் ஸ்டார்ட்ஃபோர்ட் நகரம் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்த ஒரு பிரெஞ்சு உறவையும் ஒரு ஜெர்மன் உறவையும் 2011இல் ஒருசேர முறித்துக்கொண்டது.

அது அலுப்பினால் வந்த பிரிவு. கோபத்தினால் வந்தவையும் உண்டு. போலந்தின் சில உள்ளாட்சிகள் ஓரினச் சேர்க்கையாளர்களுக்கு எதிராகத் தீர்மானம் போட்டபோது, 2020இல் நெதர்லாந்தின் நியூவெகைன் நகரம் தன் போலந்து இரட்டையான புவாவியைக் கைவிட்டது. அப்படித் தீர்மானம் போட்ட ஆறு ஊர்களின் இரட்டை நகரத் திட்டங்களுக்கு ஐரோப்பிய யூனியனும் பணம் தர மறுத்தது.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் படையெடுத்தது. அடுத்த மாதமே கவென்ட்ரி வோல்கோகிராடுடனான அதிகாரபூர்வ உறவை நிறுத்தியது. பனிப்போர், கியூபா நெருக்கடி, ஆப்கானிஸ்தான் படையெடுப்பு என்று அத்தனையையும் தாண்டி எழுபத்தெட்டு ஆண்டுகள் நின்ற உறவு அது. ஐரோப்பாவின் வேறு பல நகரங்களும் தங்கள் ரஷ்ய இரட்டைகளோடு இதையே செய்தன.

கவென்ட்ரியைக் குறை சொல்வது சுலபம். தராதான் கை நீட்டவில்லையா என்று கேட்கலாம். ஆனால் அவர் கை நீட்டியபோது ஹிட்லர் ஒழிந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. 2022இல் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. தன் மக்கள் சாவதைப் பார்க்கும் உக்ரைன்காரரிடம் போய் ரஷ்ய நகரத்துக்கு வாழ்த்து அட்டை அனுப்புகிறோம் என்று எந்த மேயராலும் சொல்ல முடியாது. எனக்கு உறுத்துவது இன்னொன்று. டிரெஸ்டன் உதாரணம் காட்டியது, அரசு வேறு, ஊர் வேறு என்பதைத்தானே? வோல்கோகிராட் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் கவென்ட்ரிக்கும் இருந்த ஒரே கதவு அதுதான் என்றால், அதைச் சாத்துவதால் போரை நடத்துகிறவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

இதில் நமக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு. சென்னைக்கு 1960களில் வாய்த்த சகோதர நகரமும் இதே வோல்கோகிராட்தான். சென்னைவாசிகளில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று கேட்டுவிடாதீர்கள்!

உக்ரைன் பக்கம் நிலைமை வேறு. ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கும் உக்ரைனின் லிவிவ் நகரமும் 1989இல் இரட்டையானவை. முப்பது ஆண்டுகளாகப் பாட்டுக் குழுக்களும் மாணவர்களும் போய் வந்த அந்த வழியில் 2022இலிருந்து நிவாரணப் பொருள்களை ஏற்றிய வண்டிகள் போயின. யாரிடம் கேட்பது, எங்கே இறக்குவது என்று ஃப்ரைபுர்க்காரர்கள் விசாரிக்கவேண்டியிருக்கவில்லை. லிவிவில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது.